கை நீளும் முன்னே மனசு போடும் கணக்கு

ஆபீஸ்ல யாருக்காவது சார்ஜ் மெமோ வந்துட்டா, கேன்டீன்ல முதல்ல கிளம்புற பேச்சு, "ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையே!" தெரியாது தங்கம். அலுவலக மோசடிகளைப் புலனாய்வு செய்றவங்களோட சர்வதேச அமைப்பு ஒண்ணு 2024-ல கொடுத்த அறிக்கைப்படி, மாட்டினவங்கள்ல 87 சதவீதம் பேர் மேல அதுக்கு முன்னாடி எந்த மோசடி வழக்கும் இருந்ததில்ல. திருடணும்னே வேலைக்குச் சேர்றவங்க கொஞ்சம் பேர்தான். மத்தவங்க உன்னை மாதிரி, என்னை மாதிரி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுக் காலையில பஸ் ஏறினவங்க.

அப்போ எங்கதான் வழுக்குது? கணக்குப் பிரிவுல காலம் தள்ளுற எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், முடிவெடுக்குற பழக்கத்துலதான். ஒருத்தர் எதையும் தள்ளிப் போடுவார். ஒருத்தர் மேல இருக்கிறவங்க சொன்னா மறுபேச்சு பேசமாட்டார். இன்னொருத்தருக்கு எதுலயும் அவசரம். வீட்டுல இதெல்லாம் சிரிச்சுட்டு விடுற சமாச்சாரம். கேஷ் கவுன்ட்டர்லயோ ஸ்டோர்லயோ உட்கார்ந்துட்டா அதே பழக்கம் வினையாகுது. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன தம்பி தங்கச்சிங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். சாவி, பாஸ்வேர்டு, பெட்டி கேஷ் எல்லாம் கைக்கு வர ஆரம்பிக்கிற வயசு அது.

1995-ல சூசேன் ஸ்காட், ரெஜினால்ட் புரூஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், மனுஷங்க முடிவெடுக்குற விதத்தை அஞ்சாப் பிரிச்சாங்க. அலசி ஆராய்ஞ்சு எடுக்குறது, உள்ளுணர்வை நம்பி எடுக்குறது, அடுத்தவங்களைக் கேட்டு எடுக்குறது, எடுக்காமலே தட்டிக் கழிக்கிறது, சட்டுனு எடுக்குறது. ஒருத்தருக்குள்ளேயே ரெண்டு மூணு கலந்து கிடக்கும். இதை வச்சு உன்னை நீ பார்த்துக்கோ, அவ்வளவுதான். பக்கத்து சீட்டுக்காரரை எடை போடாதே. இந்த அஞ்சை வச்சு ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, "இவன் கை வைப்பான், இவன் வைக்கமாட்டான்"னு ஆள் பிரிக்கிற ஹெச்.ஆர். மேல எனக்குத் துளி மரியாதை கிடையாது.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்" ஆளா நீ?

இவங்களைப் பத்தித்தான் அதிகம் சொல்லணும். நான் பார்த்த கேஸ்ல பெரும்பாலானது இங்கதான் முளைச்சது.

சாயங்காலம் கேஷ் டேலி பண்றப்போ ஐந்நூறு ரூபா உதைக்குது. சொன்னா மேனேஜர் முகத்தைப் பார்க்கணும், விளக்கக் கடிதம் எழுதணும். சரி, இன்னைக்கு ஒரு வழியா ஒப்பேத்திடலாம்னு தோணும். கையில காசிருந்தா போட்டுடுவாங்க. இல்லாதப்போ நாளைக்கு வர்ற பணத்தை எடுத்து இன்னைய பள்ளத்தை மூடுவாங்க. பைக்ல போய்க் குழுக் கடன் தவணை வசூல் பண்ற பசங்களுக்கு இது நல்லாவே தெரியும். திங்கக்கிழமைக் குழு கட்டின பணம் செலவாகிப் போச்சு, அதனால செவ்வாய்க்கிழமைக் குழுவோட பணத்தை அந்தக் கணக்குல வரவு வைக்கிறது. புதன்கிழமைப் பணம் செவ்வாய்க்கு. கேட்டா "ரொட்டேஷன் விடுறேன்க்கா, மாசக் கடைசியில சரியாயிடும்"பாங்க. ஆகாது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு பொய் ரசீது வேணும், அதுக்கு ஒரு பொய் பதிவு வேணும். காய்ச்சல்னாக்கூட லீவு போட முடியாது. வேற ஒருத்தர் அந்த ரூட்டுக்குப் போய், "அம்மா, உங்க பாஸ்புக்கைக் காட்டுங்க"ன்னு கேட்டுட்டா கதை முடிஞ்சுது.

இதுக்கு உலக சாட்சி நிக் லீசன். இங்கிலாந்தோட பழம்பெரும் பேரிங்ஸ் வங்கிக்காக சிங்கப்பூர்ல இருந்து வர்த்தகம் பண்ணினவர். 1992-ல, கூட வேலை பார்த்த புதுப் பொண்ணு வாங்க வேண்டியதை வித்துட்டதால வந்த சுமார் 20,000 பவுண்டு நஷ்டத்தை, 88888-ங்கிற பிழைக் கணக்குல ஒளிச்சு வச்சதுல ஆரம்பிச்சுதுன்னு அவரே பின்னாடி சொன்னார். அன்னைக்கே லண்டனுக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா திட்டோட போயிருக்கும். அப்புறம் தன்னோட நஷ்டங்களையும் அதே கணக்குல கொட்டினார். வர்த்தகமும் அவர் கையில, அதைச் சரிபார்க்கிற பின்னணி அலுவலகமும் அவர் கையில. 1995 ஜனவரியில ஜப்பான்ல கோபே நிலநடுக்கம் வந்து சந்தை சரிஞ்சப்போ, விலகாம இன்னும் பெருசாப் பந்தயம் கட்டினார். அடுத்த மாசமே வங்கி மூழ்கிப் போச்சு. மொத்த நஷ்டம் சுமார் 82.7 கோடி பவுண்டு. 1762-ல தொடங்கின வங்கியை டச்சுக் கம்பெனி ஒண்ணு ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கிச்சு. லீசனுக்கு சிங்கப்பூர் நீதிமன்றம் கொடுத்தது ஆறரை வருஷ சிறை.

ஏன் விலகலைன்னு கேட்கத் தோணும். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லயே எழுதின விஷயம் அது. லாபத்துல இருக்கிற மனுஷன் கைக்கு வந்ததைப் பத்திரப்படுத்துவான். நஷ்டத்துல இருக்கிற மனுஷன் அதை ஒத்துக்கிறதை விட, மீட்டுடலாம்னு பெரிய சூதாட்டத்துக்குத் துணிவான். அதனால ஒளிச்சு வச்ச நஷ்டத்தோட உட்கார்ந்திருக்கிறப்போ உனக்கு வர்ற யோசனை எதையும் நம்பாதே. "ஒரே ஒரு தடவை"ங்கிற யோசனையை அறவே நம்பாதே.

இந்தப் பழக்கம் இருக்குன்னா நீ செய்ய வேண்டியது இது. பிசகு தெரிஞ்ச அன்னைக்கே, கணக்கு முடிக்கிறதுக்கு முன்னாடி எழுத்துல போடு. எவ்வளவு, எப்போ கவனிச்சே, கடைசியா யார்கிட்ட பணம் வாங்கினே, மூணே வரி. கதை எழுதாதே. கைக்காசைப் போட்டுச் சத்தமில்லாம சரிக்கட்டாதே. இன்னொண்ணு, ரொக்கம் கூடுதலா வந்தாலும் பதிவு பண்ணு. "என்னைக்காவது குறையும்போது ஆகும்"னு கூடின பணத்தை டிராயர் மூலையில போட்டு வைக்கிறவங்க நிறைய. கணக்குல வராத பணம்னு ஒண்ணு உன் மேஜையில உண்டானதுமே, அது யாருடையதுங்கிற எல்லை மனசுல அழிய ஆரம்பிச்சுடும்.

பிசகு வந்தா யார்கிட்டப் போய் நிக்கணும்ங்கிறதையும் பிசகு வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கோ. வேர்த்து விறுவிறுத்து நிக்கிற நேரத்துல ஆள் தேடினா யாருமே சரியாத் தோணாது.

வருஷத்துல ஒரு தடவையாவது சேர்ந்தாப்புல நீளமா லீவு எடு. "நான் இல்லாட்டி இந்த சீட்டு ஓடாது"ங்கிறதைப் பெருமையா சொல்ற ஆள்மேலதான் எங்க பிரிவுல இருக்கிறவங்களுக்கு முதல் சந்தேகமே வரும். ரிசர்வ் வங்கி 2021-ல கொடுத்த சுற்றறிக்கைப்படி, முக்கியமான பொறுப்புல இருக்கிற வங்கி ஊழியர்களை முன்கூட்டிச் சொல்லாம, ஒரே மூச்சுல குறைஞ்சது 10 வேலை நாள் லீவுல அனுப்பணும். பஞ்சாப் நேஷனல் வங்கியோட மும்பை பிராடி ஹவுஸ் கிளையில நீரவ் மோடி விவகாரம் எப்படி வெளியில வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? பல வருஷம் அதே இடத்துல இருந்த துணை மேலாளர் 2017-ல ஓய்வு பெற்றார். அடுத்த ஜனவரியில பழையபடி உத்தரவாதக் கடிதம் கேட்டு வந்தவங்ககிட்ட, புதுசா அந்த சீட்டுல இருந்தவங்க "முழுத் தொகைக்கு டெபாசிட் எங்கே?"ன்னு கேட்டாங்க. இதுவரைக்கும் நாங்க அப்படிக் கட்டினதே இல்லையேன்னு பதில் வந்துச்சு. அந்த ஒரு பதில்ல இருந்துதான் 13,000 கோடி ரூபாய்க்கு மேல அவிழ்ந்துச்சு.

"சார் சொல்லிட்டார்" ஆளா?

அடுத்தவங்களைக் கேட்டு முடிவெடுக்குறது கெட்ட பழக்கம்னு நான் சொல்லமாட்டேன். தானே எல்லாம் தெரிஞ்ச மாதிரி திரியுறவங்களை விட இவங்க எவ்வளவோ தேவலாம். யாரைக் கேட்குறேங்கிறதுல இருக்கு விஷயம்.

அமெரிக்காவுல வேர்ல்ட்காம்னு ஒரு பெரிய டெலிபோன் கம்பெனி. அதோட கணக்குப் பிரிவுல நடுமட்ட அதிகாரி பெட்டி வின்சன். 2000-ம் வருஷக் கடைசிப் பக்கம், லாபம் எதிர்பார்த்த அளவு வராததால, ஒதுக்கி வச்சிருந்த நிதியில இருந்து 82.8 கோடி டாலரை எடுத்துச் செலவைக் குறைச்சுக் காட்டச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்துச்சு. அந்தம்மா அதிர்ந்து போனாங்க, மறுத்தும் பேசினாங்க, கடைசியில பதிவைப் போட்டாங்க. மனசு கேட்காம ராஜினாமா எழுதறதுன்னுகூட முடிவு பண்ணினாங்க. நிதித் தலைவர் கூப்பிட்டுப் பேசினார்: நீங்க செஞ்சது எதுவும் சட்டவிரோதம் இல்ல, பொறுப்பு என்னுது, இந்த நெருக்கடியை மட்டும் தாண்டிடலாம், அப்புறம் வேணும்னா போங்க. வீட்டுக்கு முக்கியமான சம்பளம் அவங்களுது. இருந்துட்டாங்க. அடுத்த காலாண்டுலயும் கேட்டாங்க, அதுக்கு அடுத்ததுலயும் கேட்டாங்க. 2002-ல உள் தணிக்கைப் பிரிவுத் தலைவி சிந்தியா கூப்பர் குழு கிளறி எடுத்தப்போ, முதல்ல வெளியில வந்த தொகையே 380 கோடி டாலர். பொறுப்பு என்னுதுன்னு அவர் சொன்னது கோர்ட்டுல எடுபடலை. வின்சனுக்கு அஞ்சு மாசம் சிறை, அஞ்சு மாசம் வீட்டுக்காவல்.

ரெண்டு பொம்பளைங்க, ஒரே கம்பெனி, ஒரே புத்தகம். கூப்பருக்குக் கேட்குறதுக்குத் தனிக் குழு இருந்துச்சு, இயக்குநர் குழுவோட தணிக்கைக் கமிட்டிக்குப் போக வழி இருந்துச்சு. வின்சன் கேட்க முடிஞ்ச ஆளெல்லாம் உத்தரவு போட்ட அதே ஏணியில மேலே நின்னவங்க.

அதனால உன் ஏணிக்கு வெளியில ஒருத்தரைப் பிடிச்சு வை. ரிட்டயரான சீனியர், வேற கம்பெனியில இருக்கிற ஆடிட்டர் அக்கா, யூனியன்ல நிதானமாப் பேசுற அண்ணன், யாராவது. "மேல சொல்லிட்டாங்க"ன்னு நீ ஆரம்பிக்கும்போது, "எதைச் சொன்னாங்க, எப்படிச் சொன்னாங்க?"ன்னு திருப்பிக் கேட்குற ஆளா இருக்கணும்.

வாய்மொழியா ஒரு உத்தரவு வந்து அது உறுத்துச்சுன்னா சண்டை போடாதே. பணிவா ஒரு மெயில் போடு: "சார், நீங்க ஃபோன்ல சொன்னபடி இந்தப் பில்லை இந்த மாசக் கணக்குல போடலாம்னு இருக்கேன். அதுக்கான பேப்பரும் உங்க ஒப்புதலும் அனுப்பி வைங்க சார்." மரியாதையில ஒரு குறையும் இருக்காது. ஆனா இந்த மெயிலைப் பார்த்ததும் "அதை விடும்மா, நான் வேற மாதிரி பண்ணிக்கிறேன்"னு பின்வாங்கின உத்தரவுகள் எத்தனையோ. பாஸ்வேர்டு விஷயத்துல மெயில்கூட வேண்டாம். மேனேஜர் தன்னோட பாஸ்வேர்டைக் கொடுத்து "நீயே அப்ரூவ் பண்ணிடு"ன்னாலும் சரி, உன்னுதைக் கேட்டாலும் சரி, "சிஸ்டம் ஐ.டி. என் பேர்ல இருக்கு சார், பயமா இருக்கு"ன்னு சொல்லி நழுவிடு. பயந்தாங்கொள்ளின்னு பேர் வந்தா வரட்டும்.

வின்சன் கதையில எனக்கு உறைச்சது அந்தச் சம்பளம். மூணு மாசச் செலவுக்குப் பணம் தனியா, வீட்டுல யாரும் தொடாத கணக்குல இருந்தா "முடியாது சார்"னு சொல்ற குரலே வேற. சீட்டு போடு, ஆர்.டி. போடு, உன் இஷ்டம். நகையா மட்டும் வைக்காதே, அடகுக்கடைக்குப் போறதுக்குள்ள வாய் அடைச்சுப் போயிடும்.

அவசரக்காரங்களும் கணக்குப் பார்க்கிறவங்களும்

சட்டுனு முடிவெடுக்குறவங்க டார்கெட் வேலையில கொடிகட்டிப் பறப்பாங்க. மாசக் கடைசி ராத்திரிதான் அவங்களுக்குக் கண்டம். அமெரிக்காவோட வெல்ஸ் ஃபார்கோ வங்கியில, வாடிக்கையாளருக்கே தெரியாம லட்சக்கணக்குல கணக்கு தொடங்கினது 2016-ல வெடிச்சப்போ, வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 ஊழியர்களுக்கு வேலை போயிருந்துச்சு. டார்கெட் வச்சு அவங்களை விரட்டினது வங்கிதான். ஆனா வேலை போனது போனதுதான். நீ அவசரக்காரின்னா ஒரே ஒரு விதி போதும்: அடுத்தவங்க கையெழுத்தோ ஓ.டி.பி.யோ வேண்டிய எந்த வேலையும் அவங்க இல்லாம நகராது. தெரிஞ்ச கஸ்டமர், ஃபோன்ல சரின்னுட்டாங்க, நாளைக்கு வந்து போட்டுடுவாங்க, எதுவும் செல்லாது.

உள்ளுணர்வுக்காரங்களுக்கு ஒரு வரி. "எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும்"னு நம்பி பில்லைச் சரிபார்க்காம விட்டா, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புற சப்ளையர்தான் எப்பவும் நல்லவராத் தெரிவார்.

எதையும் ஆராய்ஞ்சு முடிவெடுக்குறவங்க தப்பே பண்ணமாட்டாங்கன்னு நினைக்காதே. அவங்க தப்பையும் ஆராய்ஞ்சுதான் பண்ணுவாங்க. இஸ்ரேலோட ஹைஃபா ஊர்ல குழந்தைகள் காப்பகங்கள்ல நடந்த ஆய்வு ஒண்ணு 2000-ல வெளிவந்துச்சு. பிள்ளையைக் கூப்பிட லேட்டா வர்ற பெற்றோருக்கு அபராதம் போட்டாங்க. லேட்டா வர்றவங்க குறையலை, ஏறக்குறைய ரெண்டு மடங்கா ஆனாங்க. டீச்சரைக் காக்க வைக்கிறோமேங்கிற கூச்சம் போய், காசு கொடுத்து வாங்குற நேரமா மாறிடுச்சு. "மாட்டினா என்ன, ஒரு இன்கிரிமென்ட் போகும்"னு உன் மனசு விலை போட ஆரம்பிச்சா, அந்தக் கணக்கை வீட்டுல அம்மா முன்னாடி சத்தமா சொல்லிப் பாரு.

நடுவுல ஒண்ணு. உறுதிமொழிப் படிவத்துல கையெழுத்தைக் கீழே போடாம மேலே போட வச்சா ஜனங்க நேர்மையா இருப்பாங்கன்னு டிரெய்னிங்ல யாராவது ஸ்லைடு போட்டா நம்பிடாதே. 2012-ல வந்த பிரபலமான ஆய்வுக்கட்டுரை அது. தரவே ஜோடிச்சதுன்னு தெரிஞ்சு 2021-ல திரும்பப் பெற்றாங்க. நேர்மையைப் பத்தின ஆராய்ச்சிக்கே அந்த கதி!

"கடனாத்தான் எடுத்தேன்"

எந்த ரகமா இருந்தாலும் கடைசியில வந்து நிக்கிற வாசல் இது. டொனால்ட் கிரெஸ்ஸி சிறையில இருந்த கையாடல்காரங்களை உட்கார வச்சுப் பேசி, 1953-ல ஒரு புத்தகம் எழுதினார். வெளியில சொல்ல முடியாத ஒரு பணக் கஷ்டம், யாரும் பார்க்காத ஒரு வாய்ப்பு, கூடவே தன்னைத் தானே சமாதானப்படுத்திக்க ஒரு வாக்கியம். இந்த மூணும் அவங்க எல்லார்கிட்டயும் இருந்துச்சு. அந்த வாக்கியம் அடிக்கடி "கடனா எடுக்குறேன், திருப்பி வச்சுடுவேன்"தான்.

நம்ம சட்டம் இந்த வாக்கியத்தை ஏத்துக்கிறதில்ல. கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுத்துப் பயன்படுத்தினாலும் கையாடல் கையாடல்தான்னு பாரதிய நியாய சன்ஹிதாவுல விளக்கமே இருக்கு. நம்பி ஒப்படைச்சதுல ஊழியர் கை வச்சா பிரிவு 316-ன் கீழ ஏழு வருஷம் வரை சிறை. வங்கி ஊழியர், அரசு ஊழியர்னா அதை விடக் கடுமை. திருப்பி வச்சது தண்டனையைக் குறைக்க உதவலாம், குத்தத்தை அழிக்காது.

வெளியில சொல்ல முடியாத கஷ்டத்தைச் சொல்லக் கூடியதா மாத்துறதுதான் இங்க வேலை. ஆன்லைன் ரம்மியோ, லோன் ஆப்போ, தங்கச்சி கல்யாணக் கடனோ, தொகையோட ஒருத்தர்கிட்ட சொல்லு. சம்பள முன்பணம், பி.எஃப். அட்வான்ஸ், ஆபீஸ் கூட்டுறவு சிக்கனக் கடன் சங்கம்னு கௌரவமான வாசல் இருக்கும்போது, டிராயர் பக்கம் ஏன் போகணும்? புருஷன்கிட்ட சொல்ல பயந்து கேஷ்ல கை வச்சவங்க, கடைசியில அதே புருஷனைத்தான் ஜாமீனுக்குக் கூப்பிட்டாங்க.

ஏற்கனவே வழுக்கிட்டா

பணத்தை ராத்திரியோட ராத்திரியா உள்ள வச்சுட்டு நிம்மதியாகிடலாம்னு நினைக்காதே. அதுக்கு இன்னொரு பொய்ப் பதிவு தேவைப்படும். பில்லைக் கிழிக்காதே, மெசேஜை அழிக்காதே. எவ்வளவு, எந்தத் தேதியில இருந்து, எந்தெந்தக் கணக்குலன்னு ஒரு தாள்ல எழுதிக்கோ. அதை எடுத்துக்கிட்டு முதல்ல ஒரு வக்கீலைப் பார்த்துட்டு, அப்புறம் மேனேஜரைப் பாரு. தணிக்கை வர்றதுக்கு முன்னாடி போறதுக்கும் வந்த பிறகு போறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

அடுத்தவங்க வழுக்குறதைப் பார்த்தா நேருக்கு நேர் மல்லுக்கு நிக்காதே, கேன்டீன்லயும் பரப்பாதே. நான் முதல்ல சொன்ன 2024 அறிக்கையில, வெளிச்சத்துக்கு வந்த மோசடிகள்ல 43 சதவீதம் யாரோ கொடுத்த தகவலாலதான் வெளியில வந்துச்சு, அதுலயும் பாதிக்கு மேல சக ஊழியர்கள் கொடுத்தது. நீ தகவல் கொடுக்கிறப்போ பில் நம்பர், தேதி, கண்ணால பார்த்தது, இவ்வளவு மட்டும் எழுது. உன் ஊகத்தைச் சேர்க்காதே. அப்பாவி ஒருத்தர் மாட்டிக்கிட்டா அந்தப் பாவம் உன்னுது.

உனக்கே மெமோ வந்துட்டா, கூப்பிட்டு உட்கார வச்சு "நான் சொல்றதை எழுதிக் கொடு, இதோட விட்டுடுறோம்"பாங்க. எழுதாதே. "குற்றச்சாட்டை எழுத்துல கொடுங்க சார், ஆவணங்களோட நகல் வேணும், பதில் எழுத டைம் வேணும்"னு கேளு. என்கொயரியில சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணவும், கூட ஒரு சக ஊழியரைத் துணைக்கு வச்சுக்கவும் கேட்கலாம். நிலையாணைகளுக்கு உட்பட்ட தொழிலாளின்னா, சஸ்பெண்ட் ஆன முதல் 90 நாளைக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமா வரணும். நீ கொடுக்கிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல்ல தேதியோட "பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்து வாங்கி, வீட்டு பீரோவுல வை, ஆபீஸ் டிராயர்ல வைக்காதே. சஸ்பெண்ட் ஆன அன்னைக்கு அந்த டிராயர் சாவியைத்தான் முதல்ல வாங்குவாங்க.